தப்புச் சுவரில் என் பெயர்

ஜன்னல் மாற்றும் தொழிலுக்கு வெயிலைப் போல ஒரு விளம்பரக்காரன் கிடையாது. பங்குனி பாதி தாண்டியதும் எங்கள் பட்டறை ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிடும். மாலை ஆறு மணிக்குச் சுவரைத் தொட்டாலும் தோசைக்கல் மாதிரி சுடுகிறது, ஃபேன் போட்டால் அனல் அடிக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்பார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இது நேற்று மத்தியானம் நடந்ததுதான். அதனால் உங்களிடம் நான் வெயிலைப் பற்றி விளக்கப் போவதில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டே படியுங்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மகேஸ்வரி. டோல்கேட் பக்கத்தில் ஜாகிர் பாய் நடத்தும் ஜன்னல் பட்டறையில் அளவெடுக்கும் வேலை. வீட்டுக்குப் போய், எந்தத் திசை, எந்த நேரத்து வெயில், எந்த மாதிரி ஜன்னல் சரிப்படும் என்று பார்த்துச் சொல்லி, அளவெடுத்து வருவேன். அந்த அளவுக்குப் பட்டறையில் செய்வார்கள். எத்திராஜ் அண்ணன் கொண்டுபோய் மாட்டுவார். இதில் ஒரு தொல்லை என்னவென்றால், ஒரு வீட்டுக்குச் செய்த ஜன்னல் இன்னொரு வீட்டுக்கு ஆகாது. ரெண்டு நூல், அதாவது கால் இன்ச், பெரிதாகிவிட்டால் போதும், அது யாருக்கும் வேண்டாத ஜன்னல்.

எங்கள் பட்டறையின் முன்பக்கக் காம்பவுண்டில் அப்படி வேண்டாதவை வரிசையாகச் சாய்ந்து நிற்கும். தப்புச் சுவர் என்று அதற்குப் பெயர். ஒவ்வொன்றிலும் அளவெடுத்தவர் பெயரை மார்க்கரில் எழுதிவைப்பது ஜாகிர் பாய் போட்ட சட்டம். அந்த ஜன்னல் பொருந்துகிற மாதிரி எங்காவது ஒரு சுவர் கிடைத்து, அது பட்டறையை விட்டு வெளியே போனால்தான் பெயரும் போகும். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். டேப்பைக் கையில் வாங்கிய அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், அந்தச் சுவரில் என் பெயர் வரக்கூடாது என்று. பதினோரு வருஷம் வரவும் இல்லை. என் திமிருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

தலை குனிந்து எடுத்த அளவு

முதலில் நான் பட்டறையில் ஃபோன் எடுக்கிறவள்தான். அளவெடுப்பதும் எத்திராஜ் அண்ணன், மாட்டுவதும் அவரே. வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்காரர் வீடு. ஹால் அளவு முடிந்தது. படுக்கையறையில் பிரசவமாகிப் பத்து நாளான மருமகள் குழந்தையோடு இருந்தாள். அவசரமாக ஒரு புடவையைத் திரையாகக் கட்டினார்கள். அண்ணனுக்கு இந்த மாதிரி நேரத்தில் கை கால் ஓடாது. குனிந்த தலை நிமிராமல் போய், ஜன்னலில் டேப்பை ஒரு தடவை வைத்து, எடுத்து, ஓடியே வந்துவிட்டார். செய்து கொண்டுபோன ஜன்னல் மூன்று இன்ச் அகலம் அதிகமாகி, ஓட்டைக்குள் நுழையாமல் நின்றது. தப்புச் சுவரில் அவர் பெயர் ஏறியது.

ஜாகிர் பாய் கோபப்படவில்லை. பகலில் வீட்டில் இருக்கிறது பெண்கள், ஜன்னல் இருக்கிறது படுக்கையறையிலும் சமையற்கட்டிலும், அங்கே ஆம்பளையை அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி, டேப்பை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மறுநாள் அதே வீட்டுப் படியை ஏறினேன். துணிக்கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அளவெடுக்கிறவர் எப்போது வருவார் என்று கேட்டார். டேப்பைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். மருமகள் பால் கொடுத்தபடியே நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில், மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு. ஆக மொத்தம் எட்டு. குறுக்களவு இரண்டும் ஒத்துப்போனால்தான் ஜன்னல் ஓட்டை நேராக இருக்கிறது என்று அர்த்தம். இங்கே ஒரு இன்ச் உதைத்தது. வெளியே வந்து, உங்கள் வீடு கோணல் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. டேப்பைப் பிடுங்கி அவரே மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு கடையிலிருந்த தம்பிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, டேப்பை அவர்கள் கையில் கொடுத்து, தான் தள்ளி நின்று சொன்னார்:

"நாப்பது வருசமா இந்த வூட்ல கீறேன், எத்தினியோ மேஸ்திரி வந்தான் போனான், கோணல்னு ஒருத்தன் வாயத் தொறக்கலியேம்மா!"

கிரேன்காரர் கேட்ட கண்ணாடி

ராயபுரத்தில் முதல் மாடியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேற்குப் பார்த்த வீடு, கீழே கண்டெய்னர் லாரிகள் போகிற ரோடு. இருக்கிற ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடியாகப் போட வேண்டும் என்றார். மேற்குச் சுவரில் அத்தனை கண்ணாடி போட்டால் கூடத்திலேயே அப்பளம் பொரிக்கலாம் ஐயா என்றேன். கிரேன் கூண்டு முழுக்கக் கண்ணாடிதான், நான் பார்க்காத கண்ணாடியா, நான் பார்க்காத வெயிலா என்று எகிறினார்.

இந்த இடத்தில் நான் வாக்குவாதத்தில் இறங்குவதில்லை. என் வழி வேறு. உங்கள் வீட்டுக்கும் உதவும், குறித்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜன்னலை முழுக்கத் திறந்து, வெயில் விழுகிற இடத்தில் நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் போட்டு, மத்தியானம் மூன்றரை மணிக்கு இருபது நிமிஷம் உட்காருங்கள். அதற்குப் பிறகும் பெரிய கண்ணாடி வேண்டும் என்று தோன்றினால் போட்டுக்கொள்ளலாம். என் அனுபவத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் யாரும் தாங்கியதில்லை.

இவர் தாங்கினார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது, மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது, மனிதர் அசையவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி ரோட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு லாரியும் போகும்போது இது காலிப் பெட்டி, இது லோடு, இதைத் தூக்கினால் இடப்பக்கம் சாயும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியது கண்ணாடி இல்லை, லாரி. ஜன்னலின் அகலத்தை அப்படியே விட்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் ரோடு தெரிகிற உயரத்துக்கு அடிப்பக்கத்தை மட்டும் இறக்கி, மேலே சன்ஷேடை ஒன்றரை அடி நீட்டி, வெயிலைத் தடுக்கிற கறுப்புக் கண்ணாடி போடலாம் என்று வரைந்து காட்டினேன். நாற்காலியில் இருந்தபடியே தலையாட்டினார். மோர் கொண்டுவந்த அவர் மனைவி என் காதோரம் குனிந்து சொன்னார்:

"ரிட்டயர் ஆயி நாலு வருசம் ஆவுது மேடம், இந்தாளு இன்னும் கிரேன வுட்டு எறங்கல."

சுவரும் சேர்ந்து வந்தது

என் கைப்பையில் டேப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். கடலோர வீட்டில் எந்தத் திருகாணியைப் பார்த்தாலும் ஒட்டிப் பார்ப்பேன். சட்டென்று ஒட்டிக்கொண்டால் அதன் ஆயுசு இரண்டு மழைக்காலம். உப்புக் காற்றில் இரும்பு தேய்வதில்லை, ஊதுகிறது. துருவேறி உப்பி, செங்கல்லைத் தள்ளி, சுவரைப் பிளந்துவிடும். அதனால் துருப்பிடித்த சட்டத்தை நம்பி நான் அளவெடுப்பதே இல்லை. முதலில் அதைப் பெயர்த்துப் போட்டு, சுவரைப் பூசிக் காய்ந்த பிறகுதான் டேப்பை எடுப்பேன். பட்டறையில் இதற்கு எனக்குச் சோம்பேறிப் பட்டம்கூடக் கிடைத்தது.

திருவொற்றியூரில் கடலுக்கு எதிரே ஒரு வீட்டில் எத்திராஜ் அண்ணன் அப்படி ஒரு பழைய இரும்பு ஜன்னலைக் கடப்பாரையால் மெதுவாக நெம்பினார். ஜன்னல் வந்தது. கூடவே ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரும் தரைவரை சரிந்து வந்தது. அத்தனை வருஷமாகச் சுவர்தான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தோம், ஜன்னல்தான் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தூசி அடங்கியபோது அண்ணன் கடப்பாரையோடு சிலை மாதிரி நின்றார். எதிரே கடல் பளிச்சென்று தெரிந்தது. அடுப்படியிலிருந்து டீ டம்ளரோடு வந்த வீட்டுக்காரம்மா ஓட்டையை மேலும் கீழும் பார்த்தார்:

"ஜன்னல மாத்தச் சொன்னா வாசப்படியே வெச்சுக் குட்த்தியே நைனா!"

வெள்ளைத் துணி

எண்ணூரில் ஒரு பால்வாடி டீச்சர். தினமும் காலையில் ஜன்னல் கட்டையை ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பார். நான் போன அன்று அந்தத் துணியைத்தான் முதலில் காட்டினார். விபூதிப் பையைக் கவிழ்த்த மாதிரி அனல்மின் நிலையத்துச் சாம்பல். சோற்றிலும் அதுதான், தலையணையிலும் அதுதான். எட்டு வயது மகனுக்கு வீசிங். எனக்குத் திறக்கவே முடியாத ஜன்னல் வேண்டும், நாலு பக்கமும் ஒட்டி அடைத்துக் கொடுங்கள் என்றார்.

ஊரெல்லாம் போய் ஜன்னலைத் திறங்கள், காற்று வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். அந்த வீட்டில் அது செல்லாது. அடைத்தால் சூட்டில் வெந்துபோவார்கள், திறந்தால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். மற்ற வீடுகளில் நான் தப்புச் செய்தால் திட்டு விழும், இங்கே தப்புச் செய்தால் விழுவது அந்தப் பிள்ளை மேல். மூன்று நாள், வேறு வேறு நேரத்தில் போய் உட்கார்ந்து, சாம்பல் எந்தப் பக்கத்து ஜன்னலில் படிகிறது என்று பார்த்தேன். புகைபோக்கி தெரிகிற பக்கத்து இரண்டு ஜன்னலுக்கும் ரெட்டை ரப்பர் வைத்து, கைப்பிடியைத் திருகினால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற மாதிரி செய்யச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் ஒன்றை மட்டும் முழுக்கத் திறக்கிற மாதிரி. எப்போது எதைத் திறக்க வேண்டும் என்று சுவரிலேயே எழுதி ஒட்டினேன். மாட்டி ஒரு வாரம் கழித்துக் காலை ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. டீச்சர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அன்று முழுக்க நான் பட்டறையில் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்:

"அக்கா, இன்னிக்கித் துணி வெள்ளையாவே இருக்கு."

எட்டு அளவும் சரி

இப்படி வெற்றி மேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். காசிமேட்டில் பாக்கியம் அக்கா கூப்பிட்டார். ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். அவர் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே ஃபைபர் படகில் போய்க் காலையில் திரும்புவார். மத்தியானம் முழுக்கத் தூக்கம், அதுதான் அவருக்கு ராத்திரி. கடலைப் பார்த்த கிழக்கு அறையில் பழைய மரக்கதவு ஜன்னல். காற்றடித்தால் இரண்டு கதவும் டமார் டமார் என்று அடித்துக்கொள்கிறது, வெளிச்சமும் கண்ணைக் குத்துகிறது, மனுஷன் தூங்க ஒரு வழி செய் என்றார் அக்கா.

நான் போனது காலை பத்து மணிக்கு. யோசிக்கவே இல்லை. தள்ளித் திறக்கிற ஸ்லைடிங் ஜன்னல், கறுப்புக் கண்ணாடி, கொசுவலை. கதவு அடித்துக்கொள்ளாது, அறை இருட்டாக இருக்கும், பகலில் தூங்குகிறவருக்கு வேறு என்ன வேண்டும்? எட்டு அளவையும் எடுத்தேன். எத்திராஜ் அண்ணன் மாட்டும்போது சட்டம் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சுற்றிலும் இடைவெளியில் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அதை ஃபோனில் படம் எடுத்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டினேன்.

சித்திரையில் ஒருநாள் பாக்கியம் அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்து நானும் தயாரானேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாளிக்கி ஒரு மணிக்கா வூட்டாண்ட வா. ஒரு மணி நேரம் சும்மா குந்திகினு இரு. ஒண்ணும் பேசாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போனேன், உட்கார்ந்தேன். ஒன்றரை மணிக்குக் கடல் காற்று கிளம்பியது. எதிரே காயப்போட்டிருந்த வலை ஊதி எழுவது கண்ணுக்குத் தெரிந்தது. அறைக்குள் வரவில்லை. ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால்தான் போய் ஒளியும், எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். அந்தப் பாதியிலும் நான் கொசுவலை அடித்து வைத்திருந்தேன். பழைய மரக்கதவு எத்தனை சத்தம் போட்டாலும், விரித்து வைத்தால் முழுக் காற்றும் உள்ளே வந்திருக்கும்.

கறுப்புக் கண்ணாடிக்குமே அங்கே வேலையில்லை. மத்தியானத்தில் கிழக்கே ஏது வெயில், வெறும் வெளிச்சம்தானே? கடல் காற்று பத்து மணிக்கு வராது, மதியம்தான் வரும் என்பது திருவொற்றியூரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அளவு சரியாக வர வேண்டும் என்ற நினைப்பில் காற்றையே மறந்திருக்கிறேன். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெட்கத்தில் ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்கள் வீட்டுக்காரர் தூங்கவில்லையா என்று கேட்டேன். மூன்று வாரமாக வலை பின்னுகிற கொட்டகையில்தான் படுக்கிறாராம். அக்கா ஜன்னலை ஒருமுறை இழுத்து, ஒருமுறை தள்ளிக் காட்டினார்:

"ஜன்னலு சோக்காத்தான் கீது. என் வூட்டுக்காருதான் வூட்ல இல்ல."

மார்க்கர்

திரும்பி வருகிற வழியெல்லாம் எத்திராஜ் அண்ணன் எனக்காக வாதாடினார். அவருக்கு என்மேல் உண்மையான பாசம். தப்புச் சுவர் அளவு தப்பினவர்களுக்குத்தான், உன் அளவில் ஒரு நூல் தப்பா, அக்கா கேட்டதைத்தானே செய்தோம் என்றார். "காத்து வர்லன்னா நீ இன்னா பண்ணுவ? காத்தை நீயா அளந்த?" என்று வண்டியை நிறுத்தியே கேட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் சுத்தமாக இருக்கும். பதினோரு வருஷத்துப் பெருமை அப்படியே இருக்கும். பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் கொட்டகையில் படுத்திருப்பார்.

ஜாகிர் பாயிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எத்தனை மணிக்கு அளவெடுக்கப் போனாய் என்று. பத்து மணி என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வேறு ஜன்னல் செய்யச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை இரண்டு கதவும் வெளிப்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, திறந்த இடத்தில் அப்படியே நிற்கிற கீல் போட்டு. எவ்வளவு காற்றடித்தாலும் அடித்துக்கொள்ளாது. வெளிச்சத்துக்கு என்ன செய்யலாம் என்றதற்கு, கண்ணில் துண்டைப் போட்டுக்கொள்கிறேன், காற்று வந்தால் போதும் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டார்.

கழற்றிய ஸ்லைடிங் ஜன்னல் பட்டறைக்கு வந்தது. எத்திராஜ் அண்ணன் அதைத் தப்புச் சுவரில் சாய்த்துவிட்டு, மார்க்கரைத் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றார். நானே எடுத்தேன். மகேஸ்வரி என்று பெரிதாக எழுதினேன். கடைசி எழுத்து வரும்போது கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். ஜாகிர் பாய் உள்ளேயிருந்து வந்தார். வரிசையில் இருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பியபடி, ஒரு பெரிய ஜன்னல். திருப்பி, தூசியைக் கையால் துடைத்தார். ஜாகிர் என்று எழுதியிருந்தது, அவர் கையெழுத்தே. பட்டறை ஆரம்பித்த முதல் மாதத்து ஜன்னலாம். எத்திராஜ் அண்ணனுக்கே அது தெரியாது. பாய் என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி மூடிக்கொண்டே சொன்னார்:

"மொதலாளிக்கே இன்னும் ஓட்ட கெடைக்கல, ஒரே நாள்ல நீ இன்னாம்மா அழுவுற?"

என் வீட்டு மேற்குச் சுவர்

பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் வீடு திரும்பிவிட்டார். இப்போது எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை என்று அக்காவிடமிருந்து புதுப் புகார் வருகிறது. அந்தப் புகாரை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். கடலோர வீடு என்றால் இப்போதெல்லாம் மத்தியானம் ஒரு மணிக்கு முன்னால் போவதில்லை. டேப்பை எடுப்பதற்கு முன், இந்த வீட்டில் யார் எப்போது தூங்குவார்கள் என்று கேட்கிறேன். சிலர் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஆனால் என் பெயர் சுவரில் இருந்தது. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து, மகேஸ்வரி என்பது யார் என்று என்னிடமே கேட்டார்கள். நான்தான் என்று சொல்லி, நடந்ததையும் சொல்லி, பிறகு அவர்கள் வீட்டுக்கு அளவெடுக்கக் கிளம்புவேன். ஆச்சரியம் என்னவென்றால், கதையைக் கேட்டபின் யாரும் வேறு ஆளைக் கேட்கவில்லை. இருந்தாலும் உறுத்தியது. கிடைத்த வீட்டுக்கெல்லாம் அந்த ஜன்னலின் அளவை மனதில் வைத்துக்கொண்டு போனேன். நாலு மாதமாயிற்று, ஒரு சுவரும் பொருந்தவில்லை.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறேன், முகத்தில் அனல் அடிக்கிறது. மேற்குச் சுவரில் தெருவை ஒட்டி ஒரு துருப்பிடித்த இரண்டடி ஜன்னல். ஊருக்கெல்லாம் மேற்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்கிற நான் பதினோரு வருஷமாக அதன் கீழேதான் வெந்துகொண்டிருந்திருக்கிறேன். மேற்கு வெயில், ஆகவே கறுப்புக் கண்ணாடி வேண்டும். கதவு வெளியே திறந்தால் தெருவில் போகிறவர் தலையில் இடிக்கும், ஆகவே ஸ்லைடிங்தான் வேண்டும். காசிமேட்டுக்கு ஆகாத ஜன்னல் இந்தச் சுவருக்கு என்றே செய்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு குறை, ஓட்டை நாலு பக்கமும் ஒரு அடி சின்னது.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். இந்தத் தடவை ஜன்னலை எட்டு விதமாக அளந்து, தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். பழைய இரும்பை எடுத்து, மேல்சுவரின் பாரத்தைத் தாங்க லின்டல் போட்டு, சுவரை வெட்டினார். லேத் பட்டறையில் வேலை செய்கிற என் வீட்டுக்காரர் தூசிக்கு நடுவே துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, "உன் பேரு ஒரு செவுத்துல இருந்து போவறதுக்கு என் செவுத்த இடிக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பூச்சு காய்ந்ததும் எத்திராஜ் அண்ணன் ஜன்னலைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு நூல்கூட உதைக்கவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு, வழக்கமாக அனல் அடிக்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நான் வேர்க்காமல் டீ குடிக்கிறேன். பெருமையாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? அண்ணன் தின்னரில் நனைத்த துணியால் மகேஸ்வரி என்ற எழுத்தைத் தேய்த்து அழித்தார். அழித்து முடித்தவர் போகாமல், கையில் துணியோடு எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் பெயரில் வண்ணாரப்பேட்டை ஜன்னல் இன்னும் தப்புச் சுவரில்தானே நிற்கிறது.

"மகேசு, உங்க வூட்ல இன்னொரு செவுரு சும்மா கீதா?"

பதினோரு வருஷமாக ஊரிலுள்ள சுவர்களுக்கெல்லாம் ஜன்னல் செய்து கொடுத்தவள், சொந்த வீட்டில் மட்டும் ஜன்னலுக்குச் சுவர் செய்து கொடுத்தேன்.